எக்ஸ்ரே அக்காவின் கடைசிச் சுற்று

மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் முதலில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் தெரியும். பிறகு அகலமான கைப்பிடியும் அதைக் கெட்டியாகப் பற்றிய இரண்டு கைகளும் தெரியும். அதற்கும் பின்னால், இருக்கையை விட்டு எழும்பி, உடம்பைப் பின்சக்கரத்தின் மேல் தள்ளி வைத்தபடி எக்ஸ்ரே அக்கா வருவார். தடதடவென்று அத்தனை படியும் இறங்கி, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நிற்பார். "ஆம்புலன்ஸப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத்தான் இறங்குறாங்க, விவரமானவங்க" என்பார் காவலாளி. தினமும் சொல்வார். அக்காவும் ஏதோ புதிதாகக் கேட்டது போல் தினமும் சிரிப்பார். பிறகு சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறுவார். வேலை நேரம் தொடங்குவதற்குள் நாலைந்து தடவையாவது இறங்கினால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வெகுகாலமாக அவர் ராஜ்ஜியம். "சட்டையைக் கழட்டி அங்க மாட்டுங்க. பலகையோட ஒட்டி நில்லுங்க. மூச்ச இழுங்க... பிடிங்க... ம், விடலாம்." ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ, வாய்க்கு அதுவே பழகிவிட்டது. வீட்டில் கணவர் அலமாரியை நகர்த்தினாலும், "இழுங்க... பிடிங்க... ம், விடலாம்" என்பார். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, எலும்புகள் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் ஒரு கணம் விழிப்பார். வந்தவர் கையை லேசாக மடக்கிக் காட்டியதும் முகம் மலர்ந்துவிடும். "அட, நீங்களா! வலது மணிக்கட்டு! நல்லா கூடிருச்சா?" கூட வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

மலைச் சைக்கிள் பந்தயம் அவருக்கு அறிமுகமானதும் எலும்பு வழியாகத்தான். ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரியை ஒட்டிய குன்றில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடக்கும். மறுநாள் காலை எக்ஸ்ரே அறை வாசலில் இரண்டு மூன்று பேர் கையைத் துணியில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். கழுத்தெலும்பு இரண்டாகக் கிடக்கும். ஆனால் ஆள் முனக மாட்டான். "அக்கா, அடுத்த ரேஸுக்குள்ள ஒட்டிக்குமா?" என்று இளித்துக்கொண்டே கேட்பான்.

லூசுகள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தார். ஆனால் எல்லா லூசும் ஒரே மாதிரி சந்தோஷமாக இருக்கிறதே, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனார். போனவர் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். யாரிடமோ சைக்கிளை இரவல் வாங்கி ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார். அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. எலும்பு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வயசுல எல்லாரும் வாக்கிங்தான் ஆரம்பிப்பாங்க. நீங்களே வந்து படுத்துட்டா உங்களுக்கு யாரும்மா படம் எடுப்பாங்க?"

கணவர் பழைய சோபாக்களைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பவர். மனைவியின் கிறுக்கைத் தடுக்க அவருக்குத் துணிவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. எனவே சோபா பஞ்சில் மிச்சம் பிடித்து முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை தைத்துக் கொடுத்தார். யார் வீட்டுச் சோபாவிலோ மிஞ்சிய பூப்போட்ட துணி அது. அதை மாட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றால் விருந்தினர் அறையே எழுந்து வந்த மாதிரி இருக்கும். இளவட்டங்கள் சிரித்தார்கள். "சிரிங்கடா, சிரிங்க. திங்கட்கிழமை எங்கிட்டதானே வரணும்" என்றார் அக்கா. அதற்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா ஆகிவிட்டார்.

பெண்களுக்கான பந்தயம் நான்கு சுற்று. அதில் ஒரு விதி உண்டு. முதலிடத்தில் இருப்பவர் நான்கு சுற்றையும் முடிப்பதற்குள் மற்றவர்கள் குறைந்தது மூன்றையாவது முடித்திருக்க வேண்டும். முடித்தவர்களுக்கு முடிவுக் கோட்டருகே மணி அடிப்பார்கள், அவர்கள் கடைசிச் சுற்றுக்குப் போகலாம். முடிக்காதவர்களைச் சிவப்புக் கொடி காட்டி அங்கேயே இறக்கிவிடுவார்கள். அக்கா மூன்று வருடமாக ஒரு பந்தயம் விடாமல் ஓட்டியிருக்கிறார். அவருக்கு ஒரு தடவைகூட மணி அடித்ததில்லை. கடைசி இடம் வருவதற்குக்கூடப் பந்தயத்தை முடித்தாக வேண்டுமே! முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எப்போதும் ஒரு கோடுதான் இருக்கும்.

கொடியும் மணியும் சைக்கிள் கடைக்காரர் பொறுப்பு. வயதில் அக்காவை விடப் பெரியவர், இருந்தாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவர் பதிலுக்கு அண்ணே என்பார். அக்காவை இறக்கிவிட்டே அவருக்குக் கை பழகிவிட்டது. தூரத்தில் பூப்போட்ட முழங்கால் தெரிந்ததும் ஒரு கையில் கொடியையும் மறுகையில் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு தயாராகிவிடுவார். "வாங்க அக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று உபசரிப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த உபசாரம் அக்காவுக்கு எப்படி எரியும் என்பது அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் கடைசிச் சுற்றுக்கு மேட்டில் ஏறிப் போவதைப் பார்ப்பார்.

அக்கா பின்தங்குவது ஏற்றத்தில் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஏற்றத்தில் அவர் மெதுவாகப் போனாலும் விடாமல் போவார். மாட்டிக்கொள்வது இறக்கத்தில். குன்றின் மறுபக்கம், மரங்களுக்கு நடுவே ஆள் உயரப் பாறை ஒன்று சரிந்து கிடக்கும். பாதை அதன் மேலேறி அப்படியே கீழே விழும். அதற்குப் பல்லுடைப்பான் என்று பெயர். மற்றவர்கள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கிவிடுவார்கள். அக்கா ஒவ்வொரு சுற்றிலும் அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பார். அந்தப் பாறையில் உடைந்த அத்தனை எலும்பையும் படம் பிடித்தவர் அவர். பாறையைப் பார்த்ததும் வெள்ளை வெள்ளையாக அந்தப் படங்கள்தான் கண் முன்னால் வரும். யாருக்குத்தான் கால் எழும்? அதற்காகத்தான் மருத்துவமனைப் படிக்கட்டு.

போன மாதப் பந்தயத்தன்று கணவர் வழக்கம்போல் பல்லுடைப்பான் பக்கத்தில் போய் நின்றார். நிற்பாரே தவிர பார்க்க மாட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம், "இறங்கிட்டாளா? முழுசா இறங்கிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் சுற்றில் அக்கா பாறை வரை வந்தார். கால் தானாகவே தரையைத் தொட்டுவிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தார். நடக்கும்போதே தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "அத்தனை படியில உருண்டு என்ன புண்ணியம்? இன்னிக்கும் அந்த நாற்காலியில போய் உக்காரு!"

இரண்டாவது சுற்றில் பாறை தெரிந்ததும் அக்கா சத்தமாகவே சொன்னார், "மூச்ச இழு... பிடி..." இடுப்பு பின்னால் போயிற்று. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிக் கீழே கவிழ்ந்தது. அடுத்த கணம் இரண்டு சக்கரமும் மண்ணில் இருந்தன, அக்கா சைக்கிளின் மேல் இருந்தார். "ம், விடலாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கணவர் கண்ணைத் திறந்துவிட்டார். திறந்தவர் பார்த்தது மனைவியின் முதுகைத்தான். அது பறந்து போய்க்கொண்டிருந்தது. "எம்மா... ஏம்மா..." என்று கூவினார். பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

மூன்றாவது சுற்றிலும் இறங்கினார். இந்த முறை ஒரு வேரில் சக்கரம் வழுக்கி, சைக்கிள் மரத்தில் உரசி, முன்னால் கட்டியிருந்த எண் அட்டை கோணிக்கொண்டது. ஆனால் விழவில்லை. பாறைக்குக் கீழே பாதை ஒற்றையடியாகச் சுருங்கி மரங்களுக்குள் போகும். அது முடிந்தால் வெட்டவெளி, அதன் கடைசியில் கோடு. அந்த ஒற்றையடிப் பாதையில் அக்கா பாதி தூரம் வந்திருக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அக்கா, வழி!"

சிட்டு. எல்லாப் பந்தயத்திலும் முதலாவதாக வரும் கல்லூரிப் பெண். நான்காவது சுற்றை முடிக்க வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் அக்கா எப்படி என்பது குன்றுக்கே தெரியும். வழி என்று கேட்டு வாய் மூடுவதற்குள் புதருக்குள் காலை ஊன்றி, "போ கண்ணு, போ போ" என்று கையையும் காட்டி அனுப்பிவைப்பார். இன்று வழி விட்டால் சிட்டு முந்திவிடுவாள். முந்திவிட்டால் கொடி, நாற்காலி, தண்ணீர்.

"அக்கா! வழி, வழி!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். பந்தய விதிப்படி பார்த்தால் அது தப்புத்தான், மறைப்பானேன். நெஞ்சு கிழிந்துவிடும் போலிருந்தது. பூப்போட்ட முழங்கால்கள் இரண்டும் மாறி மாறி எழுந்து விழுந்தன. வெட்டவெளி வந்ததும் சிட்டு பக்கவாட்டில் பாய்ந்தாள். அவள் சக்கரம் அக்காவின் பின்சக்கரத்துக்கு நேராக வந்தது, பிறகு மிதிகட்டைக்கு நேராக வந்தது.

கோட்டருகே சைக்கிள் கடைக்காரர் பூப்போட்ட துணியைப் பார்த்தார். பார்த்ததுமே பழக்க தோஷம். மணியைக் கீழே வைத்துவிட்டுக் கொடியையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"நாற்காலிய நகத்துங்கண்ணே!" என்று அலறினார் அக்கா. "மணி அடிங்க!"

கடைக்காரர் நாற்காலியோடு அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார். ஒரு சக்கர வித்தியாசத்தில் அக்கா கோட்டைத் தாண்டினார், அடுத்த நொடி சிட்டு தாண்டினாள். கூட்டம் வென்றவளைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக் கத்தியது. அக்கா நிற்கவே இல்லை. அவர் மேட்டில் பாதி ஏறிய பிறகுதான் கடைக்காரர் தடுமாறி எழுந்து மணியைத் தேடி எடுத்திருக்க வேண்டும். கண கணவென்று அது அடித்தபோது அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தனக்கே தனக்கென்று அடிக்கிற மணி. அடித்த மனுஷர் தன் தவறுக்குப் பரிகாரம் போல் வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசிச் சுற்றில் பாதையில் அவரைத் தவிர யாருமில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டி முடித்துவிட்டார்கள். வழி கேட்க ஒரு குரல் இல்லை. இத்தனை காலமும் பின்னால் காதை வைத்துக்கொண்டே ஓட்டியவருக்கு, குன்று இவ்வளவு அழகாக இருக்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது. உச்சியில் நின்று கீழே தெரிந்த ஊரைப் பார்த்து, "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டார். எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியாது. பல்லுடைப்பானில் கணவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கா இறங்கியதும் பின்னாலேயே ஓடி வந்தார்.

வெட்டவெளியில் அக்கா தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் கோட்டருகே வந்துவிட்டது. "வாங்க அக்கா, வாங்க, வாங்க!" வந்தார். கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது சட்டென்று பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார்.

கடைக்காரருக்குப் பதறிவிட்டது. "என்னாச்சு அக்கா? செயின் போச்சா?"

"ஒண்ணும் ஆகலண்ணே." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "இந்த இடத்துல எப்பவும் நீங்கதானே என்னை நிறுத்துவீங்க? இன்னிக்கு நானா நிக்கிறேன்."

சிட்டு கழுத்தில் பதக்கத்தோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன் அக்கா, அவ்வளவு கத்தினேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"விடல."

சிட்டுதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா குனிந்து, கோணிக் கிடந்த எண் அட்டையை நிமிர்த்தி வைத்தார். முகத்திலிருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கணவர் மூச்சிரைக்க ஓடிவந்து சேரும் வரை காத்திருந்தார். அவர் வந்ததும் ஒரு காலால் மெல்ல உந்தி, முன்சக்கரத்தைக் கோட்டின் மேல் ஏற்றி, அது தாண்டுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல், பின்சக்கரத்தையும் உருட்டி அந்தப் பக்கம் கொண்டுபோனார்.