துரையிடம் நான் மாற்றிச் சொன்னது

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது என்று ஆங்கிலத்தில் கற்றுத்தருவது என் தொழில். அதே பாடத்தோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களே, உங்களுக்காவது இது புரியும்.

கரும்பலகை விதி

எழுபதுகளில் எலப்புள்ளியிலிருந்து மலையேறி, சித்திரபுரம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் சேர்ந்தேன். நேர்க்கூற்று, அயற்கூற்று பாடம். "ஆள் மாறலாம், காலம் மாறலாம், சொன்ன விஷயம் மாறக் கூடாது" என்று பலகையில் எழுதிப் போட்டேன்.

ஒரு மாணவி அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவள் தாய் சவரியம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார். அவர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, கைக்குழந்தைக்கு இழுப்பு. தோட்ட மேனேஜராகப் புதிதாக வந்த துரை ஆபீஸில் ஆங்கிலம்தான் பேசுவார்; நடுவில் ஒருவர் வேண்டும்.

"நான் சொல்றத அப்படியே சொல்லுங்க சார். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

ஆபீஸ் ஜன்னல்

தொழிலாளர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். "மூணு தடவ சொல்லியாச்சு. இந்த வாரம் தகரம் மாத்தாட்டி எங்க லயத்துல ஒருத்தரும் கொழுந்தெடுக்க வர மாட்டோம்" என்றார் சவரியம்மா.

பள்ளியும் தோட்டத்துடையது. என் வேலை அந்த ஜன்னலுக்குள் இருந்தது. "வசதிப்படும்போது கூரையைக் கவனித்தால் நன்றியோடு இருப்பாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "மழை முடியட்டும்" என்றார் துரை. அதையும் மாற்றினேன்: "சீக்கிரமே மாத்தித் தர்றேன்னு சொல்றாருங்க."

சவரியம்மா கும்பிட்டார். "நீங்க வந்ததாலதான் சார் காரியம் ஆச்சு."

நனைந்த கம்பளி

பத்து நாள் நம்பிக் காத்திருந்தார். குழந்தையைத் தோட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் களத்தில், குழந்தை படுத்திருந்த நனைந்த கம்பளியைத் துரையின் காலடியில் போட்டார். பள்ளிக்குப் போகும் வழியில் நானும் நின்றிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. "சீக்கிரம்னீங்களே, எங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"மழை முடியட்டும்னுதானே சொன்னேன்" என்றார் துரை, நல்ல தமிழில். சாயங்காலத்துக்குள் தகரம் போடச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், அன்னிக்கு அவங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. நீங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

ஆஸ்பத்திரி வாசல்

குழந்தை தேறிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு வந்த சவரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"என்ன சார், எம்மகளுக்கு இப்பவும் நீங்கதான் அந்தப் பாடம் எடுக்குறீங்களா?"

நான்தான் எடுத்தேன், இன்னும் பல வருடம். அந்த விதியை எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கலாம் என்பது ஒன்றே எனக்குக் கிடைத்த சலுகை.