அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

பழங்காசு பார்த்துச் சொல்லும் தொழிலில், வருகிறவர் மனசுக்குள் லட்ச ரூபாயோடு வருவார். அதைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புகிற ஆபத்து நம்முடையது. கல்மண்டபம் மார்க்கெட் ஓரமாக ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னத் தராசு, இவ்வளவுதான் என் கடை. நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே தவறி விழுந்த காசுக்கு மதிப்பு உண்டு. வெளியே வந்தபின் நசுங்கியதும் அரித்ததும் டீக்குக்கூட ஆகாது. இதை வாய்விட்டுச் சொல்லப் பயப்படாதவர் உங்களில் யாராவது இருந்தால், அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். ஒரு படகின் என்ஜினே கைமாறப் பார்த்ததையும் கீழே எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது இப்போதும் வாசல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

கைகள் முதுகுக்குப் பின்னால்

ஒரு லாரி டிரைவர் கொடுத்த ஒரு ரூபாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். ஓரத்தில் புடைப்பு. கடல் உப்பு உள்ளே இறங்கி இரும்பு வீங்கியிருந்தது. "பிழை இல்லைங்க, துரு" என்றேன். "நான் குடுத்தது இது இல்ல, மாத்திட்டே" என்றார் அவர். நிமிஷத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சட்டைப் பை, மேஜை இழுப்பறை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். சோற்றைக் கூடக் கிளறிப் பார்த்தார்கள்.

அன்று முதல் யார் காசையும் நான் தொடுவதில்லை. கொண்டுவந்தவரே தட்டில் வைக்க வேண்டும், அவரே திருப்ப வேண்டும். கூட்டம் கலைந்ததும், பக்கத்துக் கடையில் வாட்ச் ரிப்பேர் செய்யும் காதர் பாய் டப்பாவை மூடிக் கொடுத்துச் சொன்னார்: "வவுத்தைக் கிழிச்சுக் காட்டுன்னு சொல்லாம வுட்டானே, அந்த மட்டும் சந்தோஷப்படு."

தண்டவாளக் காசு

பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, முந்தானை முடிச்சில் ஒரு காசு கொண்டுவந்தார். வடை போல அகன்றிருந்தது. அச்சடிக்கும்போது சுற்றி நிற்கும் வளையம் இல்லாமல் போனாலும் காசு அகலும்; ஆனால் நடுவில் எழுத்து கூராகவே இருக்கும். இதில் எழுத்துகள் ஒரே பக்கமாக இழுபட்டு, தேய்ந்த சோப்பு மாதிரி வழுக்கின. அங்கே பிள்ளைகள் தண்டவாளத்தில் காசு வைத்து ரயிலுக்குக் காத்திருப்பது எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் பின்னால் அவர் மகன்கள் இருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு வாயத் தொறக்காத நைனா, வூட்டாண்ட பிரியாணிக்கு அடுப்பு மூட்டிட்டாங்கோ."

சிங்கத்துக்கு அடியில்

சேவியர் மீன்பிடித் துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர். அவரோடு திருவொற்றியூரில் லேத் பட்டறை நடத்தும் துரையும் வந்தான். துரையிடம் ஓர் இரண்டு ரூபாய்க் காசு. சேவியரிடம் படகின் என்ஜின். இரண்டையும் மாற்றிக்கொள்ளப் பேசி முடித்துவிட்டார்கள். என் வாய்ச்சொல் ஒன்றுதான் பாக்கி. துரை காசைத் தட்டில் வைத்துவிட்டு என் தோளில் கையைப் போட்டான். அந்தக் கை கனத்தது.

ஒரு பக்கம் வழக்கமான சிங்கம். மறுபக்கம் அதே சிங்கம், குழிவாக, இடவலம் மாறி. முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசில் இப்படி விழுவது உண்டு. ஒட்டிய காசு எண் அச்சை மறைத்துவிடுவதால் அந்தப் பக்கத்தில் எண் விழ வழியே இல்லை. இங்கே குழிந்த சிங்கத்துக்கு அடியில் '2' நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசுகளைப் பட்டறை வைஸின் இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

தோளில் விரல்கள் அழுந்தின. என்ஜின் போனால் சேவியர் இன்னொருத்தன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். "சிங்கத்துக்குக் கீழே எண் தெரியுது. அச்சில் விழுந்திருந்தால் தெரியாது" என்றேன். சேவியர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு துரையிடம், கோபமே இல்லாமல் சொன்னார்: "என்ஜினு படகுலயே கெடக்கட்டும் தோஸ்து, அதுக்கு அடியில நம்பர் கிம்பர் ஒண்ணும் இல்ல."

மறுபடியும் துரை

அடுத்த வாரம் துரை தனியாக வந்தான். காதர் பாய் கடை அன்று பூட்டியிருந்தது. ஓடலாமா என்று பார்த்தேன். அவன் ஸ்டூலை வழியில் போட்டு உட்கார்ந்துவிட்டான். அடிக்கவில்லை. தட்டில் ஒரு காசை வைத்தான். அதே குழிந்த சிங்கம். இந்த முறை '2' என்ற எண்ணின் சுவடே இல்லை. இறுக்குவதற்கு முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். "யாருக்கு?" என்று கேட்டேன். "எண்ணூர்ல ஒருத்தன். ஆட்டோ வெச்சிருக்கான்" என்றான்.

தராசில் வைக்கச் சொன்னேன். தேய்த்த அளவுக்கு எடை குறைந்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். "இதுவும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். துரை ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டான். சிரித்தபடி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "இன்னா தப்புன்னு சொல்லு பெர்சு, அத்தையும் சரி பண்ணிக்கினு வந்துர்றேன்."

அன்றிலிருந்து காசு நல்லதா இல்லையா என்று மட்டும் சொல்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நேரம் பார்த்துக் காது மந்தமாகிவிடுகிறது.