ஆல்டோ வரிசையில் இரண்டாம் இடம்

எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுபவர்கள் ஐந்து பேர். அந்த வரிசையில் முதலாவதாக நிற்பவள் நான்தான் என்பதை இரண்டு வருடங்களாக யாரும் கேள்வி கேட்டதில்லை. புதுப் பாட்டு வந்தால் தாள் முதலில் என் கைக்கு வரும். மாஸ்டர் ஆல்டோ வரியை இரண்டு தடவை பாடிக் காட்டுவார். தாளிலிருந்த சுர எழுத்துகளைப் படிக்கத் தெரியாத நான், அதைக் காதால் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஆவடிக் குவார்ட்டர்ஸில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த எனக்கு, நானும் படித்தவள் என்ற நினைப்பு வருவது சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜூலை மாதம் அவள் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடிவந்தாள். நெமிலிச்சேரிக்காரி. என்னைவிட மூன்று வயது சின்னவள். மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை படித்தவள். வந்த இரண்டாம் வாரமே பாடகர் குழுவுக்கு வந்துவிட்டாள்.

"பாட வருமாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வரும் மாஸ்டர். தாளைக் குடுங்க."

ரேஷன் கடைச் சீட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். விரலால் தொடையில் தட்டிக்கொண்டு, அதுவரை கேட்டேயிராத பாட்டின் ஆல்டோ வரியை முதலிலிருந்து கடைசிவரை பாடி முடித்தாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கம்மா கத்துக்கிட்டே?"

"போர்டிங்லதான் மாஸ்டர். காலைல சோல்ஃபா பாடினாதான் கஞ்சி ஊத்துவாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை தாள் அவள் கைக்குப் போயிற்று. "ஆல்டோவுக்கு இனிமே நீயே சொல்லிக் குடும்மா" என்றார் மாஸ்டர். நான் ஒரு அடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். நகரச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

அதன்பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. கீழே துணி துவைத்துக்கொண்டே அவள் பாடுவாள். நான் ஜன்னலைச் சாத்துவேன். அவள் மூக்கால் பாடுகிறாள் என்று என் கணவரிடம் சொன்னேன். 'கீது', 'வந்துகினு' என்று பேசுகிற வாய்க்கு இவ்வளவு சுத்தமான சுரம் எப்படி வருகிறது என்று யோசித்து யோசித்துப் பால் பொங்கவிட்டேன். ஒரு ஞாயிறு எங்கள் போதகர் ஐயர், எஜமான் ஊழியக்காரருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று பிரித்துக் கொடுத்த தாலந்துகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஐந்து, அவளுக்கு ஒன்று என்று மனதுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கியவளே பங்கு போடக் கூடாது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குள் என் இடத்தைத் திரும்பப் பெறவேண்டும். அதற்காகவே சோல்ஃபா கற்க முடிவு செய்தேன். ஸ்வரங்களை ஏழு ஆங்கில எழுத்துகளாக எழுதும் முறை அது. டோ, ரே, மீ, ஃபா, சோ என்று போகும். தாவர இனங்களின் பெயர்களையே நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தவளுக்கு ஏழு எழுத்து எம்மாத்திரம்?

கொழுந்தனார் வளைகுடாவிலிருந்து குழந்தைக்கு ஒரு சின்ன கீபோர்டு கொண்டுவந்திருந்தார். அதன் வெள்ளைக் கட்டைகளில் பிளாஸ்திரித் துண்டுகளை ஒட்டி எழுத்துகளை எழுதினேன். கணவர் ஷிப்ட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பழகுவேன். குழந்தை தன் பொம்மையைக் கேட்டு அழும். பிஸ்கட் கொடுத்து உட்காரவைப்பேன். நல்ல தாய் செய்கிற காரியமா இது என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும். ஆனாலும் நிறுத்தவில்லை. பழகுமுன் ஜெபமும் செய்தேன். கர்த்தாவே, இந்த அறிவைத் தாரும் என்பதுதான் ஜெபம். ஆனால் கண்ணை மூடினால் நான் நன்றாகப் பாடுவது தெரியாது. அவள் தப்பாகப் பாடுவதுதான் தெரியும்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன். கேரல் ஆராதனையின் முக்கியமான பாட்டு அது. மூன்றாவது வரியில் ஓர் இடத்தில் தாளில் 'டோ' என்று இருந்தது. அதன் தலைமாட்டில் பொடியாக இன்னொரு எழுத்து; சைக்ளோஸ்டைல் மையின் கறை என்று விட்டிருந்தேன். என் கட்டைகளின்படி அந்த இடத்தில் குரல் கீழே இறங்கவேண்டும். அவள் இறங்கவில்லை. முன் சுரத்திலேயே நின்றாள்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம்" என்றேன். பாட்டு நின்றது. "இவங்க மூணாவது வரியைத் தப்பா சொல்லிக்கொடுக்கிறாங்க. தாளில் டோன்னு இருக்கு. இவங்க சோவையே பாடுறாங்க."

குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் காது சூடாகியது, சந்தோஷத்தில்தான். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா நீங்க, டோ இன்னா பர்மனென்ட் போஸ்ட்டா? இந்த எடத்துல அது டிரான்ஸ்ஃபர் ஆவுதுக்கா."

ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தொழிற்சாலைக்காரர்கள். சிரிப்பு கூரை வரை போயிற்று. "ஆர்டர் வந்துச்சாம்மா டோவுக்கு?" என்று ஒருவர் கேட்டார். "குவார்ட்டர்ஸ் காலி பண்ணிச்சா?" என்றார் இன்னொருவர்.

மாஸ்டர்தான் விளக்கினார். சோல்ஃபாவில் டோ என்பது ஒரே கட்டையில் நிற்பதில்லை. பாட்டின் சுருதி எங்கே தொடங்குகிறதோ அங்கே அது இருக்கும். நடுவில் சுருதி மாறினால் அதுவும் இடம் மாறும். மாறுகிற இடத்தில் ஒரே சுரத்துக்குப் பழைய பெயரைச் சிறிதாகவும் புதிய பெயரைப் பெரிதாகவும் எழுதுவார்கள். பெயர்தான் மாறும், குரல் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். யாரிடமாவது கேட்டுக் கற்றவர்கள் முதல் மாதமே தெரிந்துகொள்கிற விஷயம்.

வீட்டுக்கு வந்து, இனி பாடப் போவதில்லை என்றேன்.

"தெரியலைன்னா கேட்டுக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"அவகிட்டயா?"

"எங்க ஃபேக்டரில எனக்கு லேத் மெஷின் சொல்லிக்குடுத்தவன் எனக்கு அப்புறம் சேர்ந்தவன். அதுக்காக வேலையை விட்டுட்டா வந்தேன்?"

இரண்டு நாள் கீபோர்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை ஜெபத்தில் உட்கார்ந்தபோது, அறிவைத் தாரும் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அந்த அறிவு பதினெட்டுப் படிகளுக்குக் கீழே இருக்கிறது, நான்தான் இறங்கவில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு எப்படிக் கேட்பது? நோட்டை எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வாக்கா, உக்காரு" என்றவள் உடனே, "உக்காருங்க" என்று திருத்திக்கொண்டாள்.

"சனிக்கிழமை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"நான்கூட அப்டி சொல்லிருக்கக் கூடாது. ஆம்பளைங்க சிரிச்சிட்டானுங்க." முறத்தை நகர்த்தினாள். "யாரு சொல்லிக்குடுத்தது உங்களுக்கு?"

கீபோர்டைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அதைக் கொழந்தைகிட்ட குடுத்துடுங்க. அது டோவைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கு. தொண்டையில கத்துக்கணும்க்கா." பிறகு அரிசியைப் பார்த்துக்கொண்டே, "தாளைப் படிக்காமலே ரெண்டு வருசம் காதாலயே நீங்க ஆல்டோ எடுத்தீங்களாமே, மாஸ்டர் சொன்னாரு. எனக்குத் தாள் இல்லாட்டி ஒரு வரி வராது" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று வாரம் அவளிடம் கற்றபின், கேரல் ஆராதனையில் அவள் முதலாவதாகவும் நான் இரண்டாவதாகவும் நின்றோம். மூன்றாவது வரி வந்தது. சுருதி மாறியது, நான் இருந்த இடத்தை விடாமல் நின்றேன். மற்ற நான்கு பேரும் எங்களோடு நின்றார்கள். சரியாகப் பாடினேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். முன்பு எதைக் கண்டு பொறாமைப்பட்டேன் என்றே எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது: அந்த மாற்றத்துக்குள் அவள் யோசிக்காமல் நுழைகிறாள், நான் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைகிறேன். கற்றுக்கொண்ட அளவுக்குத்தான் அவளை அளக்கவும் முடிந்தது. அந்தப் பொறாமையின் அளவை அப்படியே ஆண்டவர் முன் வைத்தேன். குறைத்துச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"சுரம் வந்துடுச்சுக்கா. தாளந்தான் தகராறு. பாதி மாத்திரை எங்க வந்தாலும் ஓடுறீங்க. திங்கக்கிழமை வரீங்களா?"

எரிச்சலாக இருந்தது. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.