ஆறவிட்டுப் பார்த்த வலி

தெருவில் அவளைக் காயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கருகிய தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை வெட்டியெடுத்து, புதுக் காயில் கட்டித் தருவது அவள் தொழில். சுற்று எண்ணும்போது மட்டும் ஓரிடத்தில் இருப்பாள். மற்ற நேரமெல்லாம் காலில் சக்கரம்தான்.

"உக்காந்து சாப்பிட்டா உள்ள இறங்காதா?" என்பான் வேன் ஓட்டும் கணவன்.

"நின்னா நேரா இறங்குங்க."

வயிற்றுக்குள்ளும் ஒன்று நிலையில்லாமல் திரிந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தட்டுப்பட்ட கட்டி. காலையில் இடப்பக்கம், மாலையில் தொப்புளுக்குக் கீழே. வலித்தால் கடை பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கையால் மேலே தள்ளுவாள். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். கிளினிக்கில் படுக்கவைத்து அழுத்தியபோது கட்டி அகப்படவே இல்லை. வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்கும் அது பொருத்தமாகவே பட்டது. சூடேறிய மோட்டார் தானாக நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் ஓடும். உடம்புக்கும் அதே கணக்கைப் போட்டாள்.

ஒரு வியாழக்கிழமை வலி அடங்கவில்லை. படுத்தாள், எழுந்தாள், பாதிக் காயிலைக் கட்டினாள், மறுபடி படுத்தாள். வெள்ளி மதியம் வாந்தி. "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாங்க" என்றாள். சனிக்கிழமை காலை அவன் பேச்சே கொடுக்காமல் வேனில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழ இருக்கணும். உங்களுக்கு அந்த இடம் காலி. பிடிச்சிருக்கிற நார் தளர்ந்துபோய், அது அடிவயித்துல கிடக்கு. இத்தனை வருஷமா அலைஞ்சிட்டிருந்தது, இப்ப ரத்தக்குழாயோட முறுக்கிக்கிச்சு. பிரிச்சுவிட்டு நிறம் திரும்புதான்னு பாப்போம். திரும்பினா வலைப்பையில வெச்சு அதோட இடத்துல தெச்சுடலாம். இல்லன்னா எடுக்கணும்."

"எடுத்துட்டா?"

"வாழலாம். ஆனா கிருமியைத் தடுக்கிற ஒரு காவல் போயிடும். தடுப்பூசி போடணும். காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரணும். ஆயுசு முழுக்க."

"இவளா?" என்றான் கணவன்.

அவள் அவனை முறைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "கருகியிருந்தா திரும்ப உள்ள வைக்காதீங்க. ஆனா அவசரப்பட்டு அறுத்துடாதீங்க."

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு அவனால் உட்கார முடியவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையின் விளக்கத்தை நான்கு முறை படித்தான். எதைப் படித்தான் என்று கேட்டால் தெரியாது.

மாலையில் அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா கட்டிலருகே வந்தார்.

"மூணு சுத்து சுத்தியிருந்துச்சு. பிரிச்சு, வெதுவெதுப்பான ஈரத்துணி போட்டு, இருபது நிமிஷம் காத்திருந்தோம். கறுப்பாவே இருந்துச்சு. எடுத்துட்டோம்."

"எந்தப் பக்கமா சுத்தியிருந்துச்சு?"

டாக்டரம்மா விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். "வலப்பக்கமா."

தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "வியாழக்கிழமையே வந்திருந்தா?"

"அன்னிக்கே வந்திருந்தா அநேகமா காப்பாத்தியிருக்கலாம்."

டாக்டரம்மா போய்விட்டார். இரண்டு நாளாகத் திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, கணவன் போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினான். அவள் அதைக் காலாலேயே தள்ளிவிட்டு, தையலைக் கையால் அழுத்திக்கொண்டு எழப் பார்த்தாள்.

"எங்க போற?"

"எங்கயும் இல்லங்க. படுத்தா வியாழக்கிழமையே ஞாபகம் வருது."

அவன் தோளைக் கொடுத்தான்.