மோகனப்பிரியா எடுக்காத படம்

விஜயகுமாருக்குப் பெண்டாட்டி மேல் பொறாமை. இதை வேறு பெயர் சொல்லி மழுப்புவானேன்? சிதம்பரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். முகூர்த்த நாளென்றால் திருவந்திபுரம் கோயில் கல்யாணங்களில் எந்தப் பெண் தலை குனிய வேண்டும், எந்த மாப்பிள்ளை வயிற்றை எக்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். ஆனால் அவர் எடுத்த படத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை, ஆல்பம் எப்போது வரும் என்பதைத் தவிர.

அவர் மனைவி மோகனப்பிரியா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடைப் பெண்களின் அன்றாடத்தை ஆராயும் இலக்கியா என்ற மாணவி அவளிடம், "ஒங்க நாள் எப்படிப் போவுதோ, அத போன்லயே படமா எடுங்கக்கா. அப்பறம் அதப் பாத்துப் பேசலாம்" என்று சொல்லியிருந்தாள். மோகனப்பிரியாவும் கோணல்மாணலாக எடுத்துத் தள்ளினாள். அதில் ஒன்று, நின்று நின்று வீங்கிய அவள் கால். அந்தக் காலைப் பற்றியே இலக்கியா ஒரு மணி நேரம் கேட்டாள். பேசுவதையெல்லாம் பதிவு வேறு செய்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயகுமாருக்கு வயிறு எரிந்தது. ஃபோகஸே இல்லாத படத்துக்கு இவ்வளவு மரியாதையா? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை படங்களைப் பிரிண்ட் போட்டது அவர் ஸ்டுடியோவில். மனுஷன் சும்மா இருப்பாரா? மனைவியை அடுப்பு முன்னால் நிற்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தானே ஒன்று எடுத்து அவள் படங்களுக்கு நடுவே செருகிவிட்டார். நல்ல படம்தான், அதில் குறை சொல்ல முடியாது. சிரித்த முகம், பின்னால் மெல்லிய புகை.

இலக்கியா வந்ததும் அந்தப் படத்தைத் தனியே எடுத்து வைத்தாள். விஜயகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நான் எடுத்ததில்ல. இவுரு எடுத்தது" என்றாள் மோகனப்பிரியா.

"பரவால்லக்கா. இதுல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

அவள் படத்தைக் கையில் எடுத்தாள். "கொழம்பு தீயுது. திரும்பாத, சிரின்னாரு. சிரிச்சேன். இவுரு ஓட்டல்ல சாப்ட்டுக்கிட்டாரு. எனக்குக் கடைக்கு நேரமாயிடுச்சி, வெறும் வயித்தோட ஓடுனேன்."

அதற்குப் பிறகு இலக்கியா வேறு படத்துக்குப் போகவேயில்லை. வீட்டில் எந்த வேலையை யார் நிறுத்தச் சொல்வார்கள், அவள் எதற்கெல்லாம் சிரித்துவைப்பாள் என்று பேச்சு நீண்டது. விஜயகுமார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது இலக்கியா அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இருக்கறதுலயே முக்கியமான படம் இதான். என் ஆராய்ச்சிப் புத்தகத்துல, அக்கா சொன்னத அடியில போட்டு, எடுத்தவுங்கன்னு ஒங்க பேரயும் போட்டுரலாமா?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"படத்தப் போட்டுக்கம்மா. பேரு வேணாம்" என்றார்.