கிட்டாரில் வடிந்த எச்சில்

பேய் பிசாசுங்கிறதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்க பேச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான், தம்பி. ஞாயித்துக்கிழமை பூசை, சாயங்காலம் ஜெபமாலை, அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத எதோடயும் எனக்குச் சகவாசம் கிடையாது. எனக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதான், எச்சில். கட்டின புருஷன் குடிச்ச கிளாஸைக்கூடக் கழுவாம நான் தொட மாட்டேன். சிரிக்கிறியா, சிரிச்சுக்கோ.

ஜப்பான்காரன் வர்றதுக்குச் சில வருஷம் முந்தி நாங்க டத்தோ கிராமாட்ங்கிற பேட்டையில குடியிருந்தோம். எங்க வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல கணக்கு எழுதுற கிராணி வேலை, ஆனா மனசெல்லாம் கல்யாண பேண்டுல வாசிக்கணும்னுதான். ஒருநாள் பாசார்ல, அதான் சந்தையில, பழைய சாமான் கடையிலருந்து ஒரு கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. அமெரிக்க மாதிரியாம், இடுப்பே இல்லாம பெருத்துக் கிடந்துச்சு, மடியில வெச்சா மேல் ஓரம் தாடைக்கிட்ட வந்துரும். மேல் பலகை தேவதாரு, மலிவா கெடைச்சுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி மாஞ்சாரு. ரொம்ப மெத்துனு இருக்கிற மரம், நகம் பட்டாக்கூட தடம் விழும்.

மறுநாளே அந்த மேல் ஓரத்துல ஒரு ஈரம். தொட்டா கொழகொழன்னு, வெத்திலைச் சாறு நிறத்துல. மோந்து பாத்தேன், ஏன் பாத்தேன்னு இன்னிக்கும் என்னையே திட்டிக்கிறேன், பல்லு விளக்காத வாயில புகையிலை அடக்கி வெச்சா வருமே அந்த நாத்தம். சலவைச் சோடா கரைச்சுத் தேய்ச்சேன். காலையில பாத்தா திரும்பவும் அதே எடத்துல. அவருகிட்ட சொன்னா, மழைக்காலத்துல மரம் கசியும்லான்னு சொல்லிட்டு ஒரு துணியை எடுத்துத் தொடைச்சுட்டு வாசிக்க உக்காந்துட்டாரு. அந்த மனுஷன் கை என்மேல பட நான் அன்னிக்கு விடலை.

எங்க மக ரீத்தாவுக்கு அப்ப தவழ்ற வயசு, பல்லு முளைக்கிற நேரம், ஊரு சாமானெல்லாம் வாயில போடும். எதை எங்க வெச்சாலும் அது நேரா அந்த கிட்டாருகிட்டதான் போகும், ஓரத்தைச் சப்பும். ஒருநாள் அது கடவாய்ல செவப்பா வழிஞ்சிருந்துச்சு. எனக்கு ஆத்திரம் வந்துச்சு பாரு, நேரா பக்கத்து வீட்டு பீவி அக்காகிட்ட போய்ட்டேன். எந்நேரமும் வெத்திலை மெல்லுற பொம்பளை, பிள்ளை வாயில என்னத்தை வெச்சீங்கன்னு சண்டை போட்டேன். அவங்க என்கூடவே வந்து, கிட்டாருகிட்ட குனிஞ்சு பாத்தாங்க, மூக்கைப் பொத்துனாங்க.

“நான் புகையிலை தொட்டதே இல்ல தங்கச்சி. இது வாயி அழுகுன ஆளோட எச்சில். பிள்ளைய தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு.”

போயிருக்கணும். அவரு வரட்டும், பேசி அதைத் திருப்பிக் கொடுத்துட வெப்போம்னு இருந்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மழை, வெளிச்சம் போகலை, நான் அடுப்படியில ரசம் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். கூடத்துல ரீத்தா சத்தமே இல்ல. பிள்ளைங்க சத்தமில்லாம இருந்தா என்னமோ பண்ணுதுன்னு அர்த்தம், எட்டிப் பாத்தேன்.

நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ. கிட்டாரு சுவத்துல சாஞ்சிருக்கு. அதுக்கு மேல, ஒரு ஆளு முட்டி போட்டுக் குனிஞ்சா வாய் எங்க இருக்குமோ அந்த உயரத்துல, வெறும் காத்துலருந்து எச்சில் நூலு மாதிரி எறங்குது. செவப்பா, கெட்டியா, அறுபடாம. வாயி இல்ல, மூஞ்சி இல்ல, எச்சில் மட்டும். கீழ என் பிள்ளை அண்ணாந்து, குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஓடிப்போய்த் தூக்கி, வாய்க்குள்ள விரலை விட்டு வழிச்சேன், சேலையால நாக்கைத் துடைச்சேன். அது அழலை தம்பி. சப்புக்கொட்டுச்சு.

அவரு வந்தப்போ அந்த எச்சில் பலகையில இன்னும் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கோடாலியை எடுத்து வாசல்ல போட்டுப் பொளந்தாரு. உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல, காஞ்ச மரம், சிலந்திக்கூடு, தூசி. எரிச்சோம். தேவதாரு எரிஞ்சா மணக்கும்பாங்க, எங்க தெரு முழுக்க அந்த வாய் நாத்தம்தான் அடிச்சுச்சு. அதுக்கப்புறம் அவரு எந்த வாத்தியத்தையும் தொடலை. பீவி அக்கா வெத்திலையையே விட்டுட்டாங்க.

பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. காய்ச்சல்கூட வரலை, நல்லா வளந்துச்சு, பல்லெல்லாம் முத்து முத்தா இருக்கும். நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு, போனது போகட்டும்னு மறந்துட்டேன். இப்ப அவ கான்வென்ட்ல டீச்சர், அவ்வளவு பதவிசான பொண்ணு. வெத்திலையை அவ கையாலகூட தொட்டதில்ல, எங்க வீட்டுல அந்தப் பழக்கமே யாருக்கும் கிடையாது. ஆனா சாப்பிட்டு முடிச்சதும், யாரும் பாக்கலைன்னு நெனைச்சா, ஜன்னல்கிட்ட போவா. ரெண்டு விரலை உதட்டுல வெச்சு, காலமெல்லாம் புகையிலை போட்ட கெழவன் மாதிரி, ஒரு சொட்டு ஜன்னல் கட்டையில விழாம, பீச்சுன்னு வெளிய துப்புவா. இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது என்ன நிறம்னு ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பாக்க மட்டும் எனக்குத் தைரியம் வரலை.