கப்ளருக்குள் வைத்த பொட்டு

என் மனைவி குவைத்தில் நர்ஸ். இரண்டு வருடம் கழித்துத் தீபாவளிக்கு வருகிறாள் என்றதும், பெங்களூர் விமான நிலையத்துக்கு என் காரில் நானே போய் அழைத்து வருவது என்று தீர்மானித்திருந்தேன். அவள் வர மூன்று நாள் இருக்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முக்கி முனகியது. ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, ஈ.ஜி.ஆர். வால்வு என்றார். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே திருப்பிவிடுகிற வால்வு அது. டீசல் வண்டியில் கரி அடைப்பது வழக்கம்தான் என்று கழற்றிச் சுத்தம் செய்தார். விளக்கு அணைந்தது, பஜார் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. புது வால்வு வர நான்கு நாள் ஆகும், மேடத்தை டாக்சியில் கூட்டி வந்துவிடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வருடமாக என் பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்து வருகிறது.

வால்வுதான் போய்விட்டது என்று எப்படித் தெரியும், வயராகவும் இருக்கலாமே என்று வாதாடினேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிடிவாதம் மட்டும் உண்டு. அவர் முணுமுணுத்துக்கொண்டே மீட்டரை எடுத்தார். வால்வில் வந்து செருகும் பிளாஸ்டிக் கப்ளரின் பின்பக்கம் மெல்லிய ஊசியை விட்டு ஒவ்வொரு வயராக அளந்தார். ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. எர்த்தும் சரி. வால்விலிருந்து திரும்பி வருகிற வயரில் ஊசியை வைத்துக் கப்ளரை லேசாக ஆட்டினார். மீட்டரில் எண் கன்னாபின்னாவென்று குதித்தது. முன்பு கழற்றியபோது அவர் அதன் உள்ளே பார்த்திருக்கவில்லை. இப்போது பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா சார், இதுக்குள்ளலாம் குங்குமம் வச்சிக்கீறீங்க?”

என் மாமனார் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அங்கே ஃபிட்டர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிற ஆளின் வீடு அது. ஆயுத பூஜையில் ஒரு ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு விட்டுப்போகக் கூடாது. இவளும் அப்படியே வளர்ந்தவள். இந்த வருடம் குவைத்திலிருந்து வீடியோ காலில் என்னை வேலை வாங்கினாள். பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, கண்ணில் பட்ட மூடிக்கெல்லாம் வைத்தேன். பொட்டு முடிந்தால் அவள் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நானே துழாவினேன். கைக்கு எட்டிய ஒரு கப்ளரைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, இதற்குள்ளும் வைக்கட்டுமா என்று கேட்டேன். வைங்க என்று சிரித்தாள். அதில் இன்னும் ஒரு நிமிடம் அவள் முகம் எனக்குக் கிடைத்தது.

இதை மெக்கானிக்கிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பூஜைக்கு வைத்தது என்று மட்டும் சொன்னேன். ஈரம் தங்கி, கப்ளருக்குள் ஓர் உலோகப் பின்னில் பச்சை பூத்திருந்தது. ஸ்ப்ரே அடித்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, பின்னை நெருக்கி மாட்டினார். பங்காருபேட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி பழையபடி இழுத்தது.

அவளை நானே அழைத்து வந்தேன். பதினைந்து நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய் விடுகிற அன்று கார் எந்த மேட்டிலும் திணறவில்லை. ஹொசகோட்டை தாண்டும்போது, எங்கேயாவது நின்று தொலையேன் என்று வண்டியை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

“வண்டி நல்லா போவுதுங்க. டைமுக்குப் போயிடலாம்” என்றாள்.

ஆமாம் என்றேன்.